உன் மேல் வந்தது சாமி இல்லை, கண்ணு

கண்ணு,

நீ எடப்புளி நாட்டில் உன் மாமன் வீட்டில் உன் கல்யாணத்துக்கு முந்தைய விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே, நீ செய்யவே கூடாது என்று சொன்ன காரியத்தைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று இரண்டு மலை தள்ளிக் குண்டனி நாட்டுக்குப் போனேன். உன்னைக் கட்டப்போகிறவனையும் அவன் தாயையும் அவன் சித்தப்பனையும் உட்கார வைத்து, உனக்கு நீரிழிவு இருக்கிறது, பதின்மூன்று வயதிலிருந்து இருக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டுதான் நீ உயிரோடு நடமாடுகிறாய் என்று சொல்லிவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நம்மூர் நோம்பித் திருவிழாவில் உன் மேல் இறங்கியது அம்மன் இல்லை என்பதையும் சொன்னேன். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். உனக்குப் பொறுமை கிடையாது, கடைசித் தாளைத்தான் முதலில் புரட்டுவாய். புரட்டிக்கொள். ஆனால் திரும்பி வந்து இதையும் படி. நேரில் சொல்லலாம் என்றால் நான் வாய் திறப்பதற்குள் நீ ஒன்பது பேச்சுப் பேசிவிடுவாய். தாளை நீ குறுக்கே வெட்ட முடியாது. செம்மேட்டுச் சந்தைக்கு வந்த உன் மாமன் ஊர் ஆள் நாளை திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இந்த நோவு வந்ததையே நான் கோட்டை விட்டவன். அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். அந்த வருஷம் நீ சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாய். குடித்துவிட்டு வெளியே ஓடினாய். திரும்பி வந்து மறுபடி குடித்தாய். மூன்று ஆள் சோறு தின்றும் கை கால் குச்சியாகிக்கொண்டே போனது. "வளர்ற புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்றேன். நீ ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று உன் அம்மா இரண்டு தடவை வந்து சொன்னாள். மலையில் எறும்பு மொய்க்காத இடம் எது என்று அவளையே கேட்டேன். சொல்கிறவளை மடக்கிவிட்டால் சொன்னதும் பொய்யாகிவிடும் என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதோடு நிற்காமல் வைத்தியமும் பார்த்தேன். நம் மலைத்தேனுக்கு அடங்காத நோவு இல்லை என்று நாம் எல்லோருமே நம்புகிறவர்கள்தானே. காய்ச்சலுக்குத் தேன், புண்ணுக்குத் தேன், பிள்ளை பெற்றவளுக்குத் தேன். பாறைத் தேன் எடுக்கிறவனிடம் சொல்லி வைத்து வாங்கி, காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி உன் வாயில் ஊற்றினேன். பலா பழுத்த மாதம் வேறு. சுளையைத் தேனில் தோய்த்துக் கொடுத்தேன். நீயும் சப்புக் கொட்டிக்கொண்டு தின்றாய். ஒரு மாதத்தில் பாயோடு பாயாகக் கிடந்தாய். மூச்சு அழுகின பழம் மாதிரி வாடை அடித்தது. கம்பில் தூளி கட்டி உன்னைப் படுக்க வைத்து, நானும் உன் மாமனும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து மலை இறங்கினோம். அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டி. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா உன் நீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சிக் காட்டினார். செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தேன் என்றேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அங்கே இருபது நாள் இருந்தோம். நோவு போகாது, ஆனால் தினம் செய்ய வேண்டியதைத் தினம் செய்தால் கூடவே வைத்துக்கொண்டு வாழலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி போடுவதை வாழைத்தண்டில் குத்திப் பழகச் சொன்னார். எனக்கு வாழைத்தண்டிலேயே ஊசி கோணிப் போனது. மிளகுக் கொடிக்காக நாற்பதடி மரத்தில் ஏறுகிறவன், ஒரு விரல் நீள ஊசிக்கு வேர்த்து விறுவிறுத்துப் போனேன். உன் அம்மா என் கையிலிருந்து பிடுங்கி, "தள்ளுங்க அக்கட்ட" என்று சொல்லி, முதல் தடவையிலேயே உன் தொடையில் சரியாகக் குத்தினாள். நீ வீறிட்டுக் கத்தினாய். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பிற்பாடு ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். ஏழு வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன், போதும்.

இனி உன் வீட்டில் நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். எல்லாம் தெரியும் என்பாய். தெரிந்ததைப் புது வீட்டில் செய்வது வேறு. காலையில் எழுந்ததும் நீரைச் சோதித்துப் பார்ப்பதை விடாதே. நீல மருந்து நீலமாகவே நின்றால் நீரில் சர்க்கரை இல்லை, பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் முந்தின நாள் வாயைக் கட்டவில்லை, செங்கல் நிறமானால் எதையோ என்னிடம் மறைக்கிறாய். ஊசியையும் மருந்து ஏற்றும் குழாயையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்காமல் தொடாதே. அடுப்பு அவர்கள் அடுப்பு, விறகு அவர்கள் விறகு என்று கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதே. முனை மழுங்கினால் அந்தச் சின்னக் கல்லில் தீட்டிக்கொள், கல்லைத் துணியில் சுற்றி உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாக்கிக்கொள்ளாதே, தொடை மாற்றிப் போடு. மருந்துப் புட்டியைச் சூடுபடாமல் வை. அவர்கள் வீட்டுக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது, நேற்றுக் கை வைத்துப் பார்த்தேன், நம் ஊற்றைவிடக் குளிர்ச்சி. ஈர மணல் போட்ட சட்டியில் வைத்து அதன் ஓரமாகப் புதைத்து மேலே கல் வைத்தால் போதும். சோறு அளக்க நம் வீட்டுத் தேங்காய்ச் செரட்டையையே எடுத்துப் போ. சாமை அரிசியில் அந்த அளவு, கேழ்வரகுக் களி என்றால் உன் உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை, கீரை எவ்வளவு வேண்டுமானாலும். பலாப்பழக் காலத்தில் நீ யோக்கியமாக இருந்ததே இல்லை. இந்த வருஷமாவது இரு.

ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். அதைத்தான் நூறு தடவை எழுதலாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், இல்லாவிட்டால் சாப்பிட்டது போதாமல் காட்டில் வேலை செய்தால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும், யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாது. அந்த நேரத்தில் வெல்லமோ தேனோ உடனே உள்ளே போக வேண்டும். உன்னைச் சாகடிக்கப் பார்த்த அதே தேன்தான் அப்போது உன்னைக் காப்பாற்றும், இதை எனக்குப் புரிய வைப்பதற்குள் டாக்டரம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தேனைத் தொட்டு ஈறில் தடவ வேண்டும். அந்த வேளையில் நீயாகச் சொல்லி எதையும் கேட்க மாட்டாய், அதனால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையை ஆட்டினேன்.

ஆட்டிய தலையோடுதான் நான் அந்த நோம்பிக்குப் போனேன். அந்த வருஷம் மழை தள்ளிப்போய்ச் சாமை கருகிக்கொண்டிருந்தது. அம்மனுக்குத் தீர்த்தக் குடம் எடுக்கக் கன்னிப் பெண் ஒருத்தி வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தபோது, "எம்பொண்ணு எடுப்பாளுங்க" என்று நான்தான் முந்திக்கொண்டேன். மூன்று வருஷமாக ஊரில் உன்னைப் பார்த்தால் ஏதோ நோவு பிடித்த பெண் என்று ஒதுங்கினார்கள். என்ன நோவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, நானும் சொன்னதில்லை. ஊர் முன்னால் நீ குடம் சுமந்து நடந்தால் அந்தப் பேச்சு அடங்கும் என்று கணக்குப் போட்டேன். குடம் எடுக்கிறவள் படையல் முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது வழக்கம். ஊசியை விடக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஒன்றை விட்டால் ஊர் பேசும், மற்றதை விட்டால் டாக்டரம்மா பேசுவார். நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன். காலையில் ஊசி போட வைத்தேன், சோறு போட விடவில்லை. "கஞ்சியாவது குடிக்கட்டுங்க" என்று உன் அம்மா கேட்டாள். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை இன்னும் குறையும், நல்லதுதானே என்று அவளுக்கே பாடம் நடத்தினேன்.

உச்சி வேளையில் ஊற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்தாய். தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. கோயில் முன்னால் குடத்தை இறக்கினதும் உன் உடம்பு நடுங்கத் தொடங்கியது. முகத்தில் வேர்வை கொட்டியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. யாரோ ஒருத்தி குலவை போட்டாள். "ஆத்தா வந்துட்டா" என்றார்கள். அடுத்த நிமிஷம் கற்பூரம் எரிந்தது, சனம் விழுந்து விழுந்து கும்பிட்டது. ஒவ்வொருவராகக் குறி கேட்டார்கள். மழை வருமா ஆத்தா. ஆமா என்றாய். காணாமல் போன எருமை கிடைக்குமா. ஆமா என்றாய். ஊர்த் தலைவரைப் பார்த்துப் போடா என்றாய், அவர் அதையும் வாக்காக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். குண்டனி நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துக்குப் போன மகனிடமிருந்து ஒரு வருஷமாகக் கடுதாசி, தாக்கல் எதுவும் இல்லை, உயிரோடு இருக்கிறானா, திரும்பி வருவானா என்று கதறினார். அதற்கும் ஆமா என்றாய். அந்த அம்மாதான் இப்போது உனக்கு மாமியாராகப் போகிறவர்.

நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்கு நேர் முன்னால் நின்றேன். வேர்வையைப் பார்த்தேன், நடுக்கத்தைப் பார்த்தேன், குழறலைக் கேட்டேன். மூன்று தடவை சொல்லிக் கொடுக்கப்பட்டவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். ஆனால் என் பெண்ணைப் பார்த்து ஊரே கும்பிடுகிறதே என்கிற பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. நானும் கையைக் கூப்பினேன். கூப்பிக்கொண்டு, "ஆத்தா, எம்பொண்ணுக்கு நோவு தீருமா?" என்று உன்னையே கேட்டேன். அந்த நோவில் நீ என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தாய். அதற்கும் நீ ஆமா என்றுதான் சொன்னாய். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. இதை எழுதும்போது என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அப்புறம் நீ சரிந்தாய். அம்மன் மலை ஏறுகிறாள் என்று சொல்லி எல்லோரும் விலகி நின்றார்கள். உன் அம்மா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் கையில் அம்மனுக்குப் படைக்க வைத்திருந்த பானகச் சட்டி. படையல் ஆகாத பானகத்தைத் தொடக் கூடாது என்று பூசாரி தடுத்தார். "சாமியாவது பூதமாவது, எம்புள்ள காலையிலிருந்து சாப்பிடலீங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு, உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு ஈறில் தடவினாள். விழுங்குகிறாய் என்று தெரிந்ததும் ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஏம்மா எல்லாரும் என்னயக் கும்புடறாங்க?" என்று கேட்டாய். பூசாரிக்கு மட்டும் உன் அம்மா மேல் கோபம் போகவே இல்லை. மற்றவர்கள், ஆத்தா பானகம் கேட்டு வாங்கிக் குடித்தாள் என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரம் மழை வேறு பெய்து தொலைத்தது. உன்னைக் கண்டு ஒதுங்கினவர்கள் மஞ்சளும் பூவும் கொண்டு வந்தார்கள். மூன்று மாதம் கழித்துக் குண்டனி நாட்டு மகனும் ஊர் வந்து சேர்ந்தான். அந்த அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார் போல, வாக்குக் கொடுத்த பிள்ளையை மருமகளாக்கி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது என்று. நீ வளரட்டும் என்று காத்திருந்து, இந்த வருஷம் பெண் கேட்டு வந்தார்கள். பையன் நல்லவன், காடு இருக்கிறது, மிளகு இருக்கிறது. உன் ஊசியைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடட்டுமா என்று உன்னிடம் மட்டும் கேட்டேன். "சீக்காளின்னு கட்டிக்கிட்டுப் போறதவிட சாமி வந்தவன்னு கட்டிக்கிட்டுப் போகட்டுங்கய்யா. சொல்லாதீங்க" என்றாய். பத்துப் பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்கிற ஆசை உனக்கும் இருக்காதா என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். ஆசை உன்னுடையது மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் உன் மாமியார் கல்யாண நாள் குறித்துப் பேச வந்தார். நீ அதற்கு முன்பே மாமன் வீட்டுக்குப் போய்விட்டாய். களி தின்றுகொண்டே சந்தோஷமாகச் சொன்னார். "எங்கூரு நோம்பிக்கு ஒம்பது நாளு விரதமுங்க. ஒருவேளதான் சாப்பாடு. மருமவ வந்து விரதமிருந்தா ஆத்தா எறங்காம போயிருவாளா? பூசைக்குன்னு தனியா ஒரு அறை கட்டிட்டோமுங்க. ஆத்தா வந்தா உள்ள உட்கார வெச்சு, கதவச் சாத்திக் கற்பூரம் ஏத்திருவோம். ஒருத்தரும் தொடமாட்டாங்க." உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கதவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வேர்த்து நடுங்கிக்கொண்டிருப்பாய், வெளியே ஒரு வீடே பயபக்தியோடு உன்னைத் தொடாமல் காத்துக்கொண்டிருக்கும், உன் அம்மா இரண்டு மலை தள்ளி இருப்பாள். உன் கல்யாணம் நிற்கட்டும், உன் உயிர் நிற்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை.

நேற்றுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேன் முதல் குறி கேட்டது வரைக்கும், என்னை நல்லவனாக்கிக்கொள்ளாமல் சொன்னேன். சித்தப்பன்தான் முதலில் வாய் திறந்தார். "இது என்னங்க நாயம்? நோவப் பொத்தி வெச்சுப் பொண்ணக் குடுக்கப் பாத்தீங்களா? நாளைக்குப் புள்ளகுட்டி பொறக்குமுங்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம். டாக்டரம்மா முடியாது என்றும் சொல்லவில்லை, எளிது என்றும் சொல்லவில்லை, கூடவே இருந்து கவனித்தால் பார்க்கலாம் என்றார் என்று உள்ளதைச் சொன்னேன். மாப்பிள்ளை நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, "தோட்டத்து ஆஸ்பத்திரில ஒருத்தருக்கு இந்த ஊசி போடறதப் பாத்திருக்கறனுங்க மாமா. தவறாமப் போட்டுக்கிட்டு அவரு பாட்டுக்கு வேலைக்கு வந்துட்டுத்தான் இருந்தாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான், ஆனால் அதை அவன் சித்தப்பனைப் பார்த்துச் சொன்னான்.

நான் கும்பிட்டு எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன். அப்போதுதான் உன் மாமியார் கேட்டார். "ஏனுங்க, அப்ப அன்னைக்கு அந்தப் புள்ள உசுருக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சுங்களா? நானு அது காலப் புடிச்சுக்கிட்டு எம்மவன் வருவானான்னு கேட்டேனுங்களே." சொல்லிவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். நீங்கள் தெரியாமல் கேட்டீர்கள், நான் தெரிந்தே கேட்டவன் என்றேன். சித்தப்பன் மறுபடி ஏதோ ஆரம்பித்தார், உன் மாமியார் மறித்தார். "நீ கம்முனு இரு. சாகக் கெடந்தப்பவும் என்னைய வெறுங்கையோட அனுப்பாத புள்ள அது. அதுக்கு நோவுன்னா அது எங்கூட்டு நோவு" என்றார். சாமி வந்தவள் என்பதற்காக வந்த சம்பந்தம், சாமி இல்லை என்றதும் போய்விடும் என்று நான் கிளம்பும்போதே மனதைத் தேற்றிக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மாவை நான் சரியாக எடை போடவில்லை.

புறப்படும்போது வாசல் வரைக்கும் வந்தார். தாலி ஏறுகிற வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் பட்டினி இருப்பது அவர்கள் வழக்கம். "அந்தப் புள்ளைக்கு அது வேண்டாமுங்க. ஊசி போட்டதும் பந்தல்ல எல்லாரும் பாக்கவே நானே ஊட்டி உடறேன். எவ கேக்கறான்னு பாக்கறேன்" என்றார். இன்னும் ஒன்று. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பத்து நாள் அவர்கள் வீட்டில் தங்க வேண்டுமாம், ஊசி போடவும், சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்றும் அவருக்கும் மாப்பிள்ளைக்கும் பழக்கிக் கொடுக்க. பூசை அறையின் கதவைக் கழற்றிவிடச் சொல்லி நான் திரும்பும்போதே மகனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, கல்யாணம் நடக்கும், நீ சம்மதித்தால். இனிமேல் அந்த வீட்டில் உன்னை யாரும் கையெடுத்துக் கும்பிட மாட்டார்கள். ஒரு சாதாரண மருமகளாகத்தான் போகிறாய், ஊசிக்காரி என்று ஊரில் நாலு பேர் சொல்லவும் செய்வார்கள். நீ கேட்டுக்கொண்டதை நான் மீறியிருக்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நோம்பியன்று உன்னைப் பட்டினி போட்டதற்கும், கை கூப்பிக்கொண்டு நின்றதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு அப்பன் மகளிடம் இப்படிக் கேட்டு எழுதுவது நம் பக்கம் வழக்கமில்லை என்று உன் அம்மாவே சொல்கிறாள். கேட்க வேண்டியது நீங்கதானே, எழுதுங்க என்றும் அவளே சொல்கிறாள்.

உனக்குக் கோபம் வரும். உன் மாமன் வீட்டிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாய், தட்டைத் தள்ளிவிடுவாய். அந்த ஆள் ஊசி நேரத்தில் இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து நீட்டிவிடுவானோ என்பதுதான் இப்போது எனக்குப் பயம். ஊசி போட்ட பிறகு இதைப் படித்தாயானால், இதை மடித்து வைத்துவிட்டு முதலில் சாப்பிடு, கண்ணு. சாப்பிட்டுவிட்டு வந்து திட்டு.

உன் அய்யன்